வளர்வதற்கு இடம் விட்ட வலைகள்

வலையமைப்பு ஒன்று தொடங்கும்போது சிறியதாகத்தான் இருக்கும். அது பிற்காலத்தில் எவ்வளவு பெரிதாகலாம் என்பது பெரும்பாலும் அந்தத் தொடக்க நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நீர் ஓடும் வாய்க்கால், குரல் ஓடும் தொலைபேசிக் கம்பி, தரவு மையத்துக்குள் சர்வர்களைப் பிணைக்கும் கண்ணாடி இழை ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான, சில இடங்களில் இலட்சக்கணக்கான, சர்வர்கள் அடுக்கப்பட்ட கட்டடம். ஒரு தேடலுக்கோ ஒரு வங்கிக் கணக்குக்கோ விடை சொல்ல அந்தச் சர்வர்கள் வெளியுலகோடு பேசுவதைவிடத் தமக்குள் பேசுவது மிக அதிகம். சர்வர்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. அவற்றை இணைக்கும் வலையும் நிற்காமல், பழையதைப் பிடுங்கி எறியாமல், கூடவே வளர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அந்த வரலாற்றின் முதற்பாடத்தைத் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியின் வயல்களிலேயே காணலாம். மகாவலி கங்கை கடலை நெருங்கும்போது பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவுக்குள் விழுகிறது. மற்றொன்று வெருகலாறாகக் கிழக்கே போகிறது. வெருகலாற்று நீரை மறித்துத் திருப்பி, மாவிலாற்றுத் துருசு வழியாக வயல்களுக்குக் கொண்டுவரும் அல்லைத் திட்டம் 1950களில் விரிவாக்கப்பட்டுக் குடியேற்றங்கள் அமைந்தன. கிளிவெட்டியும் அதன் அயற்கிராமங்களும் அந்த நீர்ப்பரப்பில் உள்ளவை. இத்தகைய திட்டத்தின் வடிவம் ஒரு மரம். தலையில் ஒரு துருசு, அதிலிருந்து ஒரு பெருவாய்க்கால், பெருவாய்க்காலில் கிளை வாய்க்கால்கள், கிளைகளில் வயல் வாய்க்கால்கள். அமைப்பது எளிது, செலவும் குறைவு. நீர் எந்த வழியாகப் போகிறது என்பதில் குழப்பமே இல்லை.

ஆனால் மர வடிவத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. வயல் கூடினால் கிளை வாய்க்காலை நீட்டிவிடலாம். பெருவாய்க்காலின் அகலமோ முதலில் வெட்டிய அளவிலேயே நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு காணியும் பழைய நீரிலிருந்தே பங்கு கேட்கிறது. கடைசி வரவையில் விதைத்தவர் காத்திருக்கிறார். நீரை முறைவைத்துப் பங்கிட வட்டவிதானைமார் தேவைப்பட்டது இதனால்தான். இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. தலை அடைபட்டால் உடல் முழுவதும் வற்றும். 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டபோது, கீழே இருந்த ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்கு, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி, நீர் நின்றது. துருசுக்காகத் தொடங்கிய சண்டை இறுதிப் போராக விரிந்தது. ஒரே தலைவாயிலை நம்பிய வலைக்கு வேறு வழி இருக்கவில்லை.

தொலைபேசி பிறந்தபோது அதன் பொறியாளர்களுக்கு முதலில் கைகொடுத்ததும் மரமே. ஊரின் எல்லாக் கம்பிகளும் ஓர் இணைப்பகத்தில் வந்து முடிந்தன. அங்கே பணியாளர் ஒருவர் கையால் செருகி இணைத்தார். 1891இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜரின் தானியங்கிக் கருவி அந்தக் கையை நீக்கியது. சுழற்றும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு படி ஏறிச் சென்று கம்பியைத் தேடிப் பிடிக்கும் கருவி அது. சந்தாதாரர்கள் கூடினால் எண்ணில் ஓர் இலக்கம் கூடும், கருவியில் ஒரு படி கூடும். ஐந்து இலக்கமாக இருந்த சென்னைத் தொலைபேசி எண்கள் காலப்போக்கில் எட்டானதையும், திருகோணமலைக்கு 026 என்ற முன்னெண் அமைந்ததையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த வளர்ச்சியின் தழும்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படிப்படியாகத் தேடும் முறைக்குப் பின் குறுக்குச்சட்ட முறை வந்தது. பெல் நிறுவனம் 1938இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தனது முதல் பெரிய குறுக்குச்சட்ட இணைப்பகத்தைத் திறந்தது. கிடைக்கோடுகளும் நெடுங்கோடுகளும் வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தொடுப்பு. எந்தக் கிடைக்கோட்டையும் எந்த நெடுங்கோட்டோடும் இணைக்கலாம். யாருடைய அழைப்பும் பிறருடைய அழைப்பால் தடைபடாது. விலை மட்டும் பயங்கரமானது. 100 இணைப்புக்கு 10,000 குறுக்குப்புள்ளிகள். 1,000 இணைப்புக்கு 10 இலட்சம். 10,000 இணைப்புக்கு 10 கோடி. ஊர் பத்து மடங்கு வளர்ந்தால் கருவி நூறு மடங்கு வளர வேண்டும்.

இந்தக் கணக்கை உடைத்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்ல்ஸ் க்ளோஸ். 1953 மார்ச்சில் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வெளியான அவருடைய கட்டுரை, ஒரு பெரிய சதுரத்துக்குப் பதிலாகச் சிறிய ஸ்விட்சுகளை மூன்று வரிசையாக நிறுத்தச் சொன்னது. முதல் வரிசையில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் நடு வரிசையில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒரு கம்பியால் இணையும். நடு வரிசையின் ஒவ்வொன்றும் மூன்றாம் வரிசையின் ஒவ்வொன்றோடும் இணையும். முதல் வரிசை ஸ்விட்சு ஒன்றில் எத்தனை இணைப்புகள் நுழைகின்றனவோ, அதன் இரு மடங்கில் ஒன்று குறைய நடு ஸ்விட்சுகள் இருந்தால் எந்த அழைப்பும் எக்காலத்திலும் தடைபடாது என்று அவர் நிறுவினார். காரணம் எளிது. அழைப்பவர் பக்கத்து அயலார் எத்தனை நடு ஸ்விட்சுகளைப் பிடித்திருந்தாலும், அழைக்கப்படுபவர் பக்கத்து அயலார் எத்தனை பிடித்திருந்தாலும், இரு கூட்டமும் தொடாத ஒன்று மிஞ்சும். 10,000 இணைப்புக்கு 10 கோடிக்குப் பதிலாக 60 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள் போதும். சேமிப்பைவிடப் பெரிய வரவு இன்னொன்று: இந்த வலைக்குத் தலை இல்லை. நடு வரிசையில் ஒன்று பழுதானால் மற்றவை சுமக்கின்றன. வலுவைக் கூட்ட வேண்டுமானால் நடு வரிசையில் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1960களில் வாட்ஸ்லாவ் பெனெஷ் இன்னொரு வாசலைத் திறந்தார். நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளை வேறு வழிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால், நடு ஸ்விட்சுகளின் எண்ணிக்கையை ஏறக்குறையப் பாதியாக்கலாம் என்றார். ஓடும் வலையைத் தொட்டு மாற்றலாம் என்ற இந்த எண்ணம் அரை நூற்றாண்டுக்குப் பிறகே தன் முழுப் பயனைக் காட்டியது.

வளர்ச்சியை முன்கூட்டியே எண்ணி வடிவமைத்த வலைக்குத் தெற்காசியாவில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவின் சி-டாட் இணைப்பகம். சாம் பிட்ரோடாவின் முனைப்பால் 1984 ஆகஸ்டில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 36 மாதமும் 36 கோடி ரூபாயும் தரப்பட்டன. அப்போது உலகச் சந்தையில் கிடைத்த டிஜிட்டல் இணைப்பகங்கள் மேற்கத்திய மாநகரங்களுக்காகச் செய்யப்பட்டவை. குளிரூட்டிய அறையும் பல ஆயிரம் சந்தாதாரர்களும் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. சி-டாட் மறுமுனையிலிருந்து தொடங்கியது. அதன் முதல் படைப்பு 128 போர்ட், அதாவது கம்பி செருகும் வாய், கொண்ட கிராமத் தானியங்கி இணைப்பகம். வெயிலையும் தூசியையும் தாங்கிக் குளிரூட்டி இல்லாமல் ஓடுவது. 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது.

பெரிய இணைப்பகத்துக்கு அடிப்படைக் கூறு 512 போர்ட் கொண்ட ஒரு தொகுதி. அந்தத் தொகுதி ஒன்றே ஒரு சிற்றூருக்கு முழு இணைப்பகமாகப் பணியாற்றும். ஊர் வளர்ந்தால் அதே போன்ற தொகுதிகளை அருகில் நிறுத்தி, நடுவில் ஒரு மையத் தொகுதியால் இணைத்தால் போதும். 32 தொகுதிகள் வரை சேர்த்து ஒரு நகரத்தின் தேவையை நிறைவேற்றலாம். முதல் நாள் வாங்கிய பெட்டி கடைசி நாள் வரை பயனில் இருக்கும். உதிரி உறுப்பு ஒரே வகை, பழுதுபார்ப்பவர் கற்க வேண்டியதும் ஒரே வகை. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நேரடி எஸ்.டி.டி. வந்ததிலும், தெருமுனைகளில் மஞ்சள் பலகைத் தொலைபேசிச் சாவடிகள் பெருகியதிலும் இந்தச் சிறு தொகுதிகளின் பங்கு பெரிது. வளர்ச்சியைப் பற்றிய பிற்காலப் பேச்சுகளில் இந்தப் பணி உரிய மதிப்போடு சொல்லப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இத்தனை அறிவும் கைவசம் இருந்தும், கணினி வலைகள் மீண்டும் மரத்திலிருந்தே தொடங்கின. அதற்கும் காரணம் இருந்தது. ஈதர்நெட் வலையில் வட்டமாக ஒரு வழி அமைந்துவிட்டால் செய்திகள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வலையையே மூழ்கடித்துவிடும். 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்த நெறி, வலைக்குள் எத்தனை கம்பிகள் இருந்தாலும் ஒரு மரத்துக்கு வேண்டியவற்றை மட்டும் திறந்து, மிச்சத்தை மூடிவைத்தது. ஒன்று அறுந்தால் மூடியது திறக்கும். வலை பிழைத்துக்கொண்டது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய கம்பிகளில் பல சும்மா கிடந்தன. அலுவலக வலைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆகவே 2000களின் தொடக்கத்தில் தரவு மையங்களும் அப்படியே கட்டப்பட்டன. சர்வர்கள் அடுக்கிய ஒவ்வொரு ரேக்கின் உச்சியிலும் ஒரு ஸ்விட்ச், அவற்றைத் திரட்ட இடைநிலை ஸ்விட்சுகள், எல்லாவற்றுக்கும் மேலே சந்தையில் கிடைக்கும் மிகப் பெரிய, மிக விலையுயர்ந்த ரூட்டர்கள்.

கூகுள் பிற்காலத்தில் வெளியிட்ட கணக்கு அந்த நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2004இல் அதன் வலையில் 512 போர்ட் கொண்ட நான்கு ரூட்டர்கள் தலையில் நின்றன. ரேக் ஒன்றில் 40 சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு 1 கிகாபிட் இணைப்பு. ரேக்கிலிருந்து மேலே போகும் வழியோ மொத்தம் 4 கிகாபிட். எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் பேசினால் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கே கிடைக்கும். அல்லை வாய்க்காலின் கடைசி வரவையில் விதைத்தவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. ரூட்டரில் 512 போர்ட்டும் நிரம்பியதும் வளர்ச்சி நின்றது. அதைவிடப் பெரிய ரூட்டரை எவரும் விற்கவில்லை.

விடை பழைய இதழ்களில் காத்திருந்தது. சார்ல்ஸ் லைசர்சன் 1985இல், வேரை நெருங்க நெருங்க அடிமரம் பருக்கும் மரம் ஒன்றை இணைக் கணினிகளுக்காக விவரித்திருந்தார். 2008இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அல்-ஃபாரஸ், லூகிசாஸ், வாஹ்தத் ஆகிய மூவரும் அந்த எண்ணத்தை க்ளோஸின் வரிசைகளோடு சேர்த்தார்கள். பருத்த ஒற்றை அடிமரத்துக்குப் பதிலாக மெல்லிய மரங்கள் பல. எல்லா ஸ்விட்சுகளும் ஒரே வகை, மலிவானவை, சந்தையில் எளிதில் கிடைப்பவை. 48 போர்ட் கொண்ட சிறு ஸ்விட்சுகள் 2,880 சேர்ந்தால் 27,648 சர்வர்களைக் குறைவின்றி இணைக்கலாம். ஒவ்வொரு ஸ்விட்சும் வழிகாட்டும் அறிவு பெற்றதால், பெர்ல்மனின் நெறி மூடிவைத்த வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. அதற்கு முன்பே கூகுள் தன் கையாலேயே இத்தகைய வலைகளைக் கட்டத் தொடங்கியிருந்தது. அதன் ஜூபிடர் வலை பற்றிய கட்டுரை 2015இல் வெளியானது.

ஆயினும் இந்த அழகிய வடிவத்துக்குள் ஒரு முடக்கம் ஒளிந்திருந்தது. வலையின் அளவு போர்ட் எண்ணிக்கையோடு கட்டுண்டது. 24 போர்ட் என்றால் 3,456 சர்வர். 32 என்றால் 8,192. 48 என்றால் 27,648. 64 என்றால் 65,536. நடுவில் நிற்க இடமில்லை. 24 போர்ட் ஸ்விட்சுகளால் கட்டியவருக்கு 3,457ஆவது சர்வர் தேவைப்பட்டால், முழு வடிவத்தைக் காக்க எல்லா ஸ்விட்சுகளையும் மாற்ற வேண்டும். தரவு மையமோ அப்படித் தாவி வளர்வதில்லை. இந்த மாதம் பத்து ரேக், அடுத்த மாதம் முப்பது என்று வளர்கிறது.

இதற்குப் பல விடைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. 2010இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் லெகப் என்ற முறையை முன்வைத்தனர்: பழைய, புதிய, சிறிய, பெரிய ஸ்விட்சுகளைக் கலந்து க்ளோஸ் வலையை அமைப்பது, எதிர்காலத்துக்கென்று சில போர்ட்டுகளைத் திட்டமிட்டுக் காலியாக விடுவது. 2012இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அங்கித் சிங்க்ளாவும் உடன் ஆய்வாளர்களும் இன்னும் துணிந்தார்கள். வடிவமே வேண்டாம் என்றார்கள். ஸ்விட்சுகளைக் குருட்டுவாக்கில் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். ஜெல்லிமீன் என்று பெயரிட்ட அந்த வலையில் புதிய ஸ்விட்ச் சேர்ப்பது மிக எளிது. புதிய ஸ்விட்சின் 24 போர்ட்டுகள் வலைக்காக ஒதுக்கப்பட்டிருந்தால், ஏற்கெனவே உள்ள இணைப்புகளில் ஏதேனும் 12ஐ எடுத்து, விடுபட்ட 24 முனைகளையும் புதியதில் செருக வேண்டும். அவ்வளவே. எந்த எண்ணிக்கையிலும் நிற்கலாம், எந்த எண்ணிக்கையிலிருந்தும் வளரலாம். குருட்டுவாக்கில் பின்னிய வலையில் இரு முனைகளுக்கு இடையே தூரம் குறைவு என்பதால், அதே கருவிச் செலவில் ஒழுங்கான மரத்தைவிட நான்கில் ஒரு பங்கு வரை அதிகச் சர்வர்களைத் தாங்கும் என்றும் காட்டினார்கள்.

கணிதத்தில் வென்ற ஜெல்லிமீன் கட்டடத்துக்குள் அப்படியே நுழையவில்லை. ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் ஒழுங்கின்றித் திரியும் கூடத்தில், எது எங்கே போகிறது என்று அறிந்து நள்ளிரவில் பழுது பார்க்க வேண்டியவர் மனிதர். இழைகளைக் கட்டுக்கட்டாக ஒரே திசையில் இழுத்தால்தான் செலவும் தவறும் குறையும். ஆனாலும் அந்த ஆய்வு எழுப்பிய கேள்வி, ஒரு வலையைச் சிறுகச் சிறுக வளர்ப்பது எப்படி என்ற கேள்வி, அதன்பின் வந்த வடிவமைப்பாளர் எவரையும் விட்டு அகலவில்லை.

நடைமுறையில் வென்றது காலியிடம் விடும் வழி. 2014 நவம்பரில் ஃபேஸ்புக் தன் ஆல்டூனா தரவு மையத்துக்கான வலையை விவரித்தது. 48 ரேக்குகளும் நான்கு இணைப்பு ஸ்விட்சுகளும் கொண்டது ஒரு தொகுதி. தொகுதிகளுக்கு மேலே நான்கு தளங்கள். ஒவ்வொரு தளத்திலும், தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முதுகெலும்பு ஸ்விட்சுகள் 48 வரை வைக்க இடம். தொடக்கத்தில் வைத்ததோ தளத்துக்குப் பன்னிரண்டு மட்டுமே. சர்வர் வேண்டுமானால் தொகுதியைச் சேர்க்கலாம். தொகுதிகளுக்கிடையே வலு வேண்டுமானால் முதுகெலும்பைச் சேர்க்கலாம். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சி-டாட்டின் தொகுதி முறையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பழகிய முகம் தெரியும்.

எஞ்சிய சிக்கல், ஓடிக்கொண்டிருக்கும் வலையை மாற்றுவது. வாய்க்கால்களுக்கு ஓய்வு உண்டு. பெரும்போகம் அறுவடையானதும் துருசை அடைத்து, நீர் வடிந்த வாய்க்காலில் தூர்வாரலாம், கரை கட்டலாம், புதிய கிளை வெட்டலாம். தரவு மையத்துக்குப் போகமும் இல்லை, ஓய்வும் இல்லை. எனவே வலையின் ஒரு பகுதியிலிருந்து மட்டும் போக்குவரத்தை முதலில் வடியவிட்டு, அங்கே இழைகளை மாற்றிச் சோதித்து, மறுபடி திறந்துவிட்டு, அடுத்த பகுதிக்குப் போகிறார்கள். பொறியாளர்களும் ‘வடித்தல்’ என்ற பொருள் தரும் சொல்லையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இழைகள் ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு நேராகப் போகாமல் நடுவில் இணைப்புப் பலகைகளில் வந்து சேரும்படி அமைத்தால், கூடம் முழுவதும் நடக்காமல் ஒரே இடத்தில் நின்று மாற்றலாம். எத்தனை இழைகளை மாற்றினால் போதும் என்பதை மிகக் குறைவாக்கும் கணக்கை கூகுள் பொறியாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள்.

கூகுள் 2022இல் வெளியிட்ட அடுத்த கட்டுரையில், இழைகளை மாற்றும் மனிதக் கையும் நீங்கியது. மின்னால் அசையும் நுண்கண்ணாடிகள் ஒளிக்கதிரைத் திருப்பும் ஸ்விட்ச், ஒரு பக்கம் 136 இழைகளையும் மறுபக்கம் 136 இழைகளையும் வேண்டியபடி இணைக்கிறது. இதனால் முதுகெலும்பு வரிசையே தேவையற்றுப்போய், தொகுதிகள் நேரடியாக ஒன்றோடொன்று இணைந்தன. முன்பு 40 கிகாபிட் முதுகெலும்பில் இணைந்த 100 கிகாபிட் தொகுதி, பழையதன் வேகத்துக்கே இறங்க வேண்டியிருந்தது. இப்போது புதிய தொகுதிகள் தமக்குள் தம் வேகத்திலேயே பேசுகின்றன. ஒளியை ஒளியாகவே திருப்புவதால், அடுத்த தலைமுறை வேகம் வந்தாலும் அந்தக் கண்ணாடிகளை மாற்ற வேண்டியதில்லை. வலைக்கான முதலீட்டில் 30 விழுக்காடும் மின்சாரத்தில் 41 விழுக்காடும் குறைந்ததாக அக்கட்டுரை சொல்கிறது. நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்று பெனெஷ் சொன்னதன் நிறைவு இது.

தமிழர் வாழும் நிலத்தில் தரவு மையங்கள் பெருகிய இடம் சென்னை. 2002இல் சிங்கப்பூரோடு இணைத்த ஐ-டு-ஐ கடலடிக் கேபிளும், 2005இல் வந்த சீ-மீ-வீ 4 கேபிளும் அங்கே கரையேறின. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்த தரவு மையங்களுக்கு அந்தக் கரையேற்றமே முதற்காரணங்களில் ஒன்று. அதே சீ-மீ-வீ 4 கொழும்பையும் தொட்டது. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைக்கும் தனிக் கேபிள் ஒன்று வந்தது. சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறியது.

கட்டடத்துக்குள் தலை இல்லாத வலை அமைந்துவிட்டது. கட்டடத்துக்கு வெளியே இன்னும் அப்படி இல்லை. கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போக நீண்ட காலம் மூதூர் லாஞ்சும் பாதைப் படகுகளுமே பெரும்பாலும் துணை. 2009இல் கிண்ணியாப் பாலமும், தொடர்ந்து கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறந்த பிறகே தரைவழி தடையற்றதாயிற்று. ஒரு வழி அடைபட்டால் மறுவழி என்ற நிலை அப்போதுதான் வந்தது. தரவுக்கு அந்த மறுவழி கிழக்கில் இன்னும் அமையவில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று வாசலிலேயே இருந்தும், நாட்டின் கடலடிக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலுமே கரையேறியிருக்கின்றன. கிளிவெட்டியில் ஒருவர் கைபேசியில் கேட்கும் கேள்வி, அது சென்னைக்குப் போகட்டும், சிங்கப்பூருக்குப் போகட்டும், முதலில் தீவைக் குறுக்கே கடந்து மறுகரைக்குப் போயே கடலில் இறங்க வேண்டும். கொட்டியாரக் குடாவில் ஒரு கரையேற்று நிலையம் அமைவது கிழக்கு மாகாணத்தின் நியாயமான தேவை. அடுத்த கேபிள் திட்டத்தின் வரைபடத்தில் அது இடம்பெற வேண்டும்.